அமிர்திக்கு சைக்கிள்ல போக 120 ரூபாய் ஜெல் தேவையா?

சம்பளம் வர ஆரம்பிச்சு ரெண்டு மூணு வருஷத்துல நம்ம ஆளுங்க வாங்குற பொருட்கள்ல இப்போ சைக்கிளும் சேர்ந்துடுச்சு. 30,000, 40,000 ரூபாய்க்கு ஒரு ஹைப்ரிட் சைக்கிள், அதுக்கு 6 மாச இஎம்ஐ. ஹெல்மெட், கிளவுஸ், பேட் வெச்ச ஷார்ட்ஸ் எல்லாம் வாங்கின பிறகு கார்ட்ல கடைசியா வந்து உட்காருது ஒரு டப்பா எனர்ஜி ஜெல், ஒரு டப்பா எலெக்ட்ரோலைட் மாத்திரை, நாலஞ்சு புரோட்டீன் பார்.

நம்ம சேனல்ல வழக்கமா டெர்ம் இன்ஷூரன்ஸ், எஸ்ஐபி, வரின்னு பேசுவோம். இன்னைக்கு இந்த மூணு ஐட்டத்தைப் பத்திப் பேசுறேன். ஏன்னா இதுல காசும் இருக்கு, உயிரும் இருக்கு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். புதுசா சைக்கிள் ஓட்டுறவங்க ஒரு ஞாயித்துக்கிழமை காலையில 50 கி.மீ. போய்ட்டு வர, சாப்பாட்டுக்கும் குடிக்கவும் ஆகுற செலவு 50 ரூபாயைத் தாண்ட வேண்டியதே இல்லை. ஆனா அந்த 50 ரூபாயைக்கூட செலவு பண்ணாம, ஒரு டம்ளர் காபியோட கிளம்பிப் போறாங்க பாருங்க, அவங்களுக்குத்தான் இந்தப் பொழப்பு ரொம்ப காஸ்ட்லியா முடியுது.

உதாரணத்துக்கு அமிர்தியையே எடுத்துப்போம். வேலூர்ல இருந்து சுமார் 25 கி.மீ. ஜவ்வாது மலை அடிவாரம், சின்னதா ஒரு அருவி, 1967-ல ஆரம்பிச்ச வன உயிரியல் பூங்கா. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் புதுசா சைக்கிள் வாங்கின நிறைய பேருக்கு முதல் 'பெரிய ரைடு' இதுதான். பாகாயம், அடுக்கம்பாறை தாண்டி கணியம்பாடி வரைக்கும் திருவண்ணாமலை ரோடு. அங்க இருந்து மேற்கே திரும்பினா கிராமம், வயல், அப்புறம் மலை. போக வர 50 கி.மீ. புது ஆளுக்கு நிறுத்தம் எல்லாம் சேர்த்து 3 மணி நேரம், கொஞ்சம் மெதுவா மிதிச்சா மூணரை.

இந்த 3 மணி நேரக் கணக்குலதான் விஷயமே இருக்கு. ஒரு மணி நேர ரைடுன்னா தண்ணி மட்டும் போதும், வேற எதுவும் வேண்டாம். 5, 6 மணி நேர ரைடு போறவங்க ஏற்கனவே நாலு தடவை அடிபட்டுக் கத்துக்கிட்டவங்க. நடுவுல இருக்குற இந்த 50 கி.மீ.-தான் ஆளை ஏமாத்தும். போகும்போது எதுவும் தெரியாது. காலை 6 மணி குளிர், மலை கண்ணுக்குத் தெரியுது, கால் சும்மா பறக்கும். திரும்பி வரும்போது மணி எட்டரை, முதுகுல வேலூர் வெயில், பாட்டில் காலி.

நம்ம குரூப்புல புதுசா சேர்ந்த ஒரு தம்பிக்கு இதுதான் நடந்துச்சு. ஐடி கம்பெனி வேலை, 24 வயசு, ஜிம்முக்குப் போற உடம்பு. அமிர்தி போற வரைக்கும் எங்க எல்லாருக்கும் முன்னாடி அவர்தான். திரும்பும்போது கணியம்பாடிக்கு ரெண்டு மூணு கி.மீ. இருக்கையில சைக்கிள் கோணலா போக ஆரம்பிச்சுது. பேசினா பதில் லேட்டா வருது. கை நடுக்கம், வேர்வை சில்லுன்னு இருக்கு. ஒரு புளிய மரத்தடியில உட்கார வெச்சுக் கேட்டா, காலையில இருந்து உள்ள போனது ஒரு காபி, அரை லிட்டர் தண்ணி, அவ்வளவுதான். கண்ணுல போட்டிருந்தது 3,500 ரூபாய் கூலிங் கிளாஸ். பக்கத்துப் பெட்டிக்கடையில சர்க்கரை தூக்கலா ஒரு டீ, ரெண்டு வாழைப்பழம். 20 நிமிஷத்துல ஆள் மறுபடி பேச ஆரம்பிச்சாரு. பில் 30 ரூபாய்கூட வரல.

கொஞ்ச தூரம் தள்ளி, பஸ்ஸும் லாரியும் ஓடுற மெயின் ரோட்டுல அவருக்குக் கண்ணு கட்டியிருந்தா? இந்த விஷயத்துல உண்மையான ரிஸ்க் அதுதான்.

சைக்கிள்காரங்க இதுக்கு 'பாங்க்'னு ஒரு பேர் வெச்சிருக்காங்க. நம்ம பேங்க் இல்ல. ஆனா பேலன்ஸ் ஜீரோ ஆகுறது ரெண்டுக்கும் பொது. கணக்கு இப்படி: நம்ம உடம்பு தசையில சுமார் 400 கிராம், கல்லீரல்ல சுமார் 100 கிராம் சர்க்கரைச் சத்தைச் சேர்த்து வெச்சிருக்கு. மொத்தம் 2,000 கலோரி. 60, 65 கிலோ ஆள் மணிக்கு 20 கி.மீ. வேகத்துல ஓட்டினா ஒரு மணி நேரத்துக்கு 400-ல இருந்து 500 கலோரி போகும். கொழுப்பும் சேர்ந்து எரியும்னாலும், வேகமா மிதிக்க மிதிக்க சர்க்கரைதான் அதிகம் கரையும். பார்த்தா 3 மணி நேரத்துக்குத் தாராளமா வரும்போல இருக்கும். ஆனா ராத்திரி நீங்க தூங்கும்போது கல்லீரல் தன் சேமிப்பை எடுத்துத்தான் மூளைக்குக் கொடுத்துட்டு இருக்கு. நைட்டு 8 மணிக்குச் சாப்பிட்டுட்டு, காலையில 5 மணிக்கு வெறும் காபியோட கிளம்பினா, அந்த 100 கிராம்ல பாதிக்கு மேல ஏற்கனவே காலி. தசையில இருக்குற சர்க்கரை அந்தத் தசைக்கு மட்டும்தான். அதை ரத்தத்துக்குத் திருப்பி அனுப்ப முடியாது. கால்ல பலம் இருந்தும் தலை சுத்துறது இதனாலதான்.

மாசக் கடைசியில எஃப்டில பணம் இருக்கும், ஆனா கையில பஸ் டிக்கெட்டுக்குக் காசு இருக்காது பாருங்க, அந்த மாதிரி.

இதுக்கு மருந்து கண்டுபிடிச்சு 100 வருஷம் ஆச்சு. 1924 பாஸ்டன் மாரத்தான்ல டாக்டர் சாமுவேல் லெவினும் அவர் குழுவும் ஓடி முடிச்சவங்க ரத்தத்தைச் சோதிச்சாங்க. மோசமான நிலையில வந்து விழுந்தவங்களுக்கு ரத்தத்துல சர்க்கரை ரொம்பக் குறைஞ்சு இருந்துச்சு. அடுத்த வருஷம் சில பேரை முந்தின நாள் மாவுச்சத்து நிறையச் சாப்பிட வெச்சு, ஓடும்போது மிட்டாயும் தின்னச் சொன்னாங்க. சர்க்கரை இறங்கல, ஆளும் நல்லா இருந்தாங்க. மிட்டாய்ங்க! அப்போ ஜெல் கம்பெனி எதுவும் கிடையாது.

இப்போ நம்ம பாணியில கணக்குப் போடுவோம். எந்தப் பொருளையும் பாக்கெட் விலையை வெச்சுப் பார்க்காதீங்க, 1 கிராம் மாவுச்சத்துக்கு எவ்வளவு காசுன்னு பாருங்க.

ஒரு ஜெல் பாக்கெட் 120 ரூபாய்னு வெச்சுப்போம், உள்ள இருக்குறது 25 கிராம். கிராமுக்கு 4 ரூபாய் 80 காசு. பேரீச்சம்பழம் கிலோ 250 ரூபாய், அதுல முக்கால்வாசி சர்க்கரை, கிராமுக்கு 33 காசு. பச்சை வாழைப்பழம் ஒண்ணு 7 ரூபாய், 25 கிராம் வரும்; கிராமுக்கு 28 காசு. மளிகைக்கடைச் சர்க்கரை கிலோ 45 ரூபாய், கிராமுக்கு நாலரை காசு. ஜெல்லுக்கும் சர்க்கரைக்கும் நடுவுல 100 மடங்குக்கு மேல வித்தியாசம்.

ஜெல்லுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின், கொஞ்சம் ஃப்ரக்டோஸ், தண்ணி, வாசனை, உப்பு. மால்டோடெக்ஸ்ட்ரின்னா மக்காச்சோளம் மாதிரி தானிய மாவை உடைச்சு எடுக்குற, சீக்கிரம் ஜீரணமாகுற மாவுச்சத்து. நம்ம வீட்டுச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். மியூச்சுவல் ஃபண்ட்ல 2013 ஜனவரியில டைரக்ட் பிளான் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அடியில இருக்குற பங்குகள் அதேதான், நடுவுல போற கமிஷன் மட்டும் இல்ல. சர்க்கரைத் தண்ணியும் ஜெல்லும் கிட்டத்தட்ட அந்த உறவுதான்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். ஜெல் ஏமாத்து வேலை கிடையாது. ரேஸ் ஓட்டுறவங்களுக்கு மெல்ல நேரம் இல்ல. 200 கி.மீ. பிரெவே போறவங்க பதிமூணரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், பத்தாவது மணி நேரத்துல வாழைப்பழத்தைப் பார்த்தாலே குமட்டும். அவங்களுக்கு அது வேலை செய்யுற கருவி. அமிர்திக்குப் போய் அருவியைப் பார்த்துட்டு, செல்ஃபி எடுத்துட்டு வர்ற நமக்கு எதுக்கு? சைக்கிளை ஓரமா நிறுத்திட்டு ஒரு பழத்தை உரிச்சுத் தின்ன நமக்கு நேரம் இருக்கு.

புரோட்டீன் பார் விஷயத்துல எனக்குத் தயவே இல்ல. ஓட்டும்போது உடம்பு கேட்கிறது சர்க்கரை. புரோட்டீன் பார் ஜீரணமாக நேரம் எடுக்கும், வெயில்ல உருகி ஒட்டும், தாகத்தைக் கிளப்பும். வீட்டுக்கு வந்து ரெண்டு முட்டை சாப்பிடுங்க.

இப்போ இன்னொரு கோஷ்டி இருக்கு. "எல்லாம் நம்ம பாரம்பரியத்துல இருக்கு சார், கடலை மிட்டாயும் இளநீரும் போதும்"னு சொல்றவங்க. மனசு அவங்க பக்கம்தான் போகுது, ஆனா கணக்கு முழுசா அவங்க பக்கம் நிக்கல.

கடலை மிட்டாயை எடுத்துக்கோங்க. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு, எனக்கும் ரொம்பப் பிடிக்கும். அதுல இருக்குற வெல்லம் சீக்கிரம் வேலை செய்யும். ஆனா வேர்க்கடலையில கிட்டத்தட்ட பாதி எண்ணெய். எண்ணெய் வயித்துல தங்கி மெதுவாத்தான் ஜீரணமாகும். அதனால ரைடோட முதல் பாதியில, நிதானமா மிதிக்கும்போது ஒண்ணு ரெண்டு தின்னா நல்ல விஷயம், பசி அடங்கும். கண்ணு இருட்டும்போது அதை நம்பாதீங்க. அப்போ வேண்டியது சர்க்கரைத் தண்ணி, பழம், இல்ல அந்தத் தம்பிக்குக் கொடுத்த மாதிரி சர்க்கரை தூக்கலா ஒரு டீ. முளைகட்டின பயறு, பாதாம், அவிச்ச கடலை எல்லாமும் இதே கதைதான். நல்ல உணவு, தப்பான நேரம்.

இளநீர்? ஒண்ணு 50 ரூபாய்க்குக் குறைஞ்சு இப்போ பல இடத்துல கிடைக்கிறதில்ல. அதுல பொட்டாசியம் நிறைய, சர்க்கரை ஒரு காய்க்கு 12, 15 கிராம்தான், சோடியம் கம்மி. நம்ம வேர்வையில அதிகம் போறது சோடியம். இளநீர் குடிச்சா சுகமா இருக்கும், தாகம் தீரும். அந்தச் சுகத்துக்காக 50 ரூபாய் கொடுங்க, தப்பே இல்ல. ஆனா அதை மட்டும் நம்பி 3 மணி நேரம் வெயில்ல மிதிக்க முடியாது. உப்பு போட்ட மோர் ஒரு டம்ளர் அதைவிட மலிவு, உப்புக் கணக்குல அதைவிட மேல். ஆனா காலை வெயில்ல பாட்டில்ல தூக்கிட்டுப் போற பொருள் இல்ல மோர், புளிச்சுப் போகும். வீட்டுக்கு வந்ததும் குடிக்க வெச்சுக்கோங்க.

இட்லிக்கு மட்டும் நான் கண்ணை மூடிட்டு ஓட்டுப் போடுவேன். ஒண்ணுல 10, 12 கிராம் மாவுச்சத்து, உப்பு இருக்கு, ஆவியில வெந்தது, வயித்தைத் தொந்தரவு பண்ணாது. முந்தின நாள் ராத்திரி சுட்டு, பொடி லேசா தடவி (நல்லெண்ணெய் கம்மியா), காலையில கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு. அவ்வளவு சீக்கிரம் இட்லி இறங்காதுன்னா ஒரு வாழைப்பழமாவது. காபி குடிங்க, ஆனா காபி சாப்பாடு கிடையாது.

தண்ணி, உப்பு, அப்புறம் அந்த மூணு எழுத்து

இங்கதான் நம்ம ஆளுங்க அதிகம் ஏமாந்த விஷயம் வருது. ஓ.ஆர்.எஸ்.

1971-ல வங்கதேசப் போர் அகதிகள் மேற்கு வங்காளத்துல பன்காவ் முகாமுக்கு வந்து குவிஞ்சாங்க. காலரா. நரம்புல ஏத்துற சலைன் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியை டிரம்ல கரைச்சு வெச்சு, நோயாளியோட சொந்தக்காரங்களையே எடுத்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னாரு. 30 சதவீதத்துக்குக் கிட்ட இருந்த சாவு 3.6 சதவீதமா இறங்குச்சு. அவர் 2022-ல இறந்தாரு, அடுத்த வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தாங்க. நம்ம வேலூருக்கும் இதுல பங்கு உண்டு. ஓ.ஆர்.எஸ்ஸோட எளிதில ஜீரணமாகாத ஒரு வகை மாவுச்சத்தைச் சேர்த்தா காலரா வயித்துப்போக்கு சீக்கிரம் குறையுதுன்னு சி.எம்.சி. ஆய்வாளர்கள் 2000-ல காட்டினாங்க.

இவ்வளவு மரியாதை உள்ள மூணு எழுத்தைக் கலர் கலரா டெட்ரா பேக் மேல அச்சடிச்சு, உள்ள சர்க்கரை நிறைஞ்ச ஜூஸை வித்தா என்ன ஆகும்? அதுதான் நடந்துச்சு. ஹைதராபாத் குழந்தைகள் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடின பிறகு, 2025 அக்டோபர்ல எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவு போட்டுச்சு: உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலாவுல இல்லாத எந்த பானமும் பேர்ல ஓ.ஆர்.எஸ்.னு போட்டுக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி, கீழ சின்ன எழுத்துல ஒரு எச்சரிக்கை வாசகம் போட்டா போதும்னு அனுமதி இருந்துச்சு. யூலிப்பை எஃப்டின்னு சொல்லி விக்கிறவங்களை நமக்கு நல்லாத் தெரியும் இல்லையா? சின்ன எழுத்துல எல்லாம் சொல்லித்தான் இருப்பாங்க.

சரி, அசல் ஓ.ஆர்.எஸ். பொடி சைக்கிள்காரனுக்குச் சரியா? மருந்துக்கடையில 20 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கிற பெரிய பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணியில கரைச்சா, அதுல குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் சுமார் 1,700 மில்லிகிராம். வயித்துப்போக்குக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை அது. வேர்வையில ஒரு லிட்டருக்குச் சராசரியா 1 கிராம் சோடியம் போகும், ஆளுக்கு ஆள் மாறும். ஆக, ஓ.ஆர்.எஸ். உப்புக்குப் போதும், போதுமானதுக்கு மேலயே இருக்கு, சக்திக்குப் பத்தாது. மே மாசத்துல போறீங்க, சட்டையில வெள்ளையா உப்புப் பூக்குற ஆளு நீங்கன்னா ஒரு பாக்கெட் பையில இருக்கட்டும். கரைச்சா பாக்கெட்டுல போட்டிருக்கிற அளவு தண்ணியில முழுசாக் கரைங்க, பாதித் தண்ணியில கெட்டியாக் கரைக்காதீங்க. கூட வாழைப்பழமும் வேணும்.

மத்த மாசங்களுக்கு வீட்டு பாட்டில் போதும். 1 லிட்டர் தண்ணி, தலைதட்டின 8 டீஸ்பூன் சர்க்கரை (40 கிராமுக்குக் கிட்ட வரும்), கால் டீஸ்பூன் உப்பு, ஒரு எலுமிச்சம்பழம். அந்தக் கால் டீஸ்பூன் உப்புல 600 மில்லிகிராமுக்குக் கிட்ட சோடியம் இருக்கு. செலவு சர்க்கரை 2 ரூபாய், எலுமிச்சை 5 ரூபாய். 1965-ல ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல டாக்டர் ராபர்ட் கேட் முதன்முதல்ல கேட்டரேட் கலக்கினப்போ அதுல இருந்ததும் தண்ணி, சர்க்கரை, உப்பு, எலுமிச்சைச் சாறுதான். நம்ம ஊர் கல்யாண வீட்டு ஜூஸ்ல உப்பு தூக்கலா போட்ட கதை.

நன்னாரி சர்பத் ஊத்திக்கலாமான்னு கேட்பீங்க. ஊத்திக்கலாம், சர்க்கரையைக் குறைச்சுக்கோங்க. உப்பை மறக்காதீங்க.

எவ்வளவு குடிக்கணும்? பொதுவா மணிக்கு 400-ல இருந்து 800 எம்.எல். இந்தப் பெரிய இடைவெளி ஏன்னா ஆள், வெயில், வேகம் எல்லாம் வேற வேற. உங்க அளவு என்னன்னு கண்டுபிடிக்க எந்த ஆப்பும் வேண்டாம். கிளம்புறதுக்கு முன்னாடி எடை பாருங்க, வந்து வேர்வையைத் துடைச்சுட்டு மறுபடி பாருங்க. 1 கிலோ குறைஞ்சிருந்தா, நீங்க குடிச்சதுக்கு மேல சுமார் 1 லிட்டர் போயிருக்கு. 65 கிலோ ஆளுக்கு 1.3 கிலோவுக்கு மேல குறையக் கூடாது, அதாவது 2 சதவீதம். ரெண்டு மூணு ரைடு எழுதி வெச்சீங்கன்னா உங்க நம்பர் உங்களுக்குத் தெரிஞ்சுடும், பட்ஜெட் ஷீட் மாதிரி.

எடை கூடியிருந்தா? அது இன்னும் மோசம். தண்ணி எவ்வளவு குடிச்சாலும் நல்லதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேரோட ரத்தத்தைப் பார்த்தாங்க; 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழ போயிருந்துச்சு. ஓடும்போதே எடை ஏறுற அளவுக்குக் குடிச்சவங்கதான் அதுல அதிகம் மாட்டினது. தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். பார்க்கிறவங்க நீர் வத்திப் போச்சுன்னு நினைச்சு இன்னும் தண்ணி கொடுப்பாங்க. அதனால போட்டி போட்டுக் குடிக்காதீங்க. தாகத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, வாய் வாயா.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கிட்னி பிரச்சினைன்னு ஏதாவது இருந்தா இந்தச் சர்க்கரை, உப்புக் கணக்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, டாக்டரைக் கேட்டுட்டுக் கிளம்புங்க. கூட வர்றவர் குழப்பமா பேசுறாரு, உடம்பு கொதிக்குதுன்னா உடனே நிழல், உடம்பு முழுக்கத் தண்ணி, 108. வாழைப்பழத்தால சரியாகுற விஷயம் இல்ல அது.

எங்க செலவு பண்ணலாம்

எல்லாத்துலயும் மிச்சம் பிடின்னு நான் சொல்லல. ரெண்டாவது பாட்டிலும் அதை பிரேம்ல மாட்டுற ஹோல்டரும் வாங்குங்க. ரெண்டும் சேர்ந்து 400, 500 ரூபாய்ல முடியும். புது சைக்கிள் வாங்குற பாதிப் பேர் ஒரே பாட்டிலோட சுத்துறதைப் பார்க்கிறேன், 40,000 ரூபாய் சைக்கிள்ல ரெண்டாவது ஹோல்டருக்கான ஓட்டை காலியா இருக்கு. ஒண்ணுல சர்க்கரை உப்புத் தண்ணி, இன்னொண்ணுல வெறும் தண்ணி. வெறும் தண்ணி குடிக்கவும் ஆகும், வெயில்ல தலையில ஊத்தவும் ஆகும். அப்புறம் ஹேண்டில்பார் பக்கத்துல மாட்டுற சின்னப் பை. முதுகுப் பையில சாப்பாட்டை வெச்சா யாரும் நிறுத்தி எடுத்துச் சாப்பிடுறதில்ல, அதான் உண்மை. கைக்கு எட்டுற தூரத்துல பேரீச்சம்பழம் இருந்தா கை தானா போகும்.

எப்போ சாப்பிடணும்ங்கறதுலதான் எஸ்ஐபி பழக்கம் உதவுது. பசிக்கும்போது சாப்பிடலாம்னு இருந்தா லேட். கிளம்பி அரை மணி நேரத்துல ஆரம்பிச்சு, 20, 25 நிமிஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா. மணிக்கு 30-ல இருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போனா போதும். புது ஆளுக்கு 30, 40 தாராளம். அமிர்தி ரைடுக்கு என் பையில இருக்குறது: 1 லிட்டர் சர்க்கரை உப்புத் தண்ணி, ரெண்டு வாழைப்பழம், நாலு பேரீச்சம்பழம், ரெண்டு கடலை மிட்டாய். கூட்டினா 100 கிராமுக்கு மேல வருது, செலவு 40 ரூபாய்க்குள்ள. கணியம்பாடி திருப்பத்துல முதல் வாழைப்பழம், அமிர்தியில மிட்டாய், திரும்பும்போது ரெண்டாவது பழம். பேரீச்சையும் பாட்டிலும் நடுவுல நடுவுல. அமிர்தி பக்கம் கடை திறந்திருக்கும்னு நம்பிப் போகாதீங்க, காலை 7 மணிக்கு எது திறந்திருக்கும்னு சொல்ல முடியாது. பழத்தோலையும் மிட்டாய்க் கவரையும் காட்டுல போடாம பையிலயே திருப்பிக் கொண்டு வந்துடுங்க.

செலவுன்னு பார்த்தா நான் பார்த்த பெரிய ஓட்டை ரைடு முடிஞ்ச பிறகுதான் இருக்கு. வழியில எதுவும் சாப்பிடாம வந்த கோஷ்டி நேரா வேலூர்ல ஒரு ஹோட்டலுக்குள்ள போகும். ஆளுக்கு ஒரு பொங்கல், ஒரு வடை, ஒரு ரோஸ்ட், "இன்னொரு ரோஸ்ட் சொல்லுங்க", ஒரு பூரி, ரெண்டு காபி. 350 ரூபாய். மதியம் ஆம்பூர் பிரியாணி தனி. வெறும் வயித்துல மளிகைக்கடைக்குப் போனவன் நிலைமைதான். மாசத்துக்கு 4 ஞாயிறுன்னா 1,400 ரூபாய் காலை டிபனுக்கு மட்டும். "சைக்கிள் ஓட்டியும் எடை குறையல, பர்ஸ்தான் குறையுது"ன்னு புலம்புறவங்க இந்த ரெண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறதே இல்ல. வழியில 40 ரூபாய்க்குச் சாப்பிட்டுட்டு வர்ற ஆளுக்கு அதே ஹோட்டல்ல நாலு இட்லியும் ஒரு காபியும் போதுமா இருக்கும். ரோஸ்ட் வேணும்னா சாப்பிடுங்க, அது உங்க சந்தோஷம். நடுங்குற கையோட மெனு கார்டைப் பிடிக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

ஜெல் டப்பா ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா தூக்கிப் போட வேண்டாம். எக்ஸ்பைரி தேதி பார்த்துட்டு, ஒண்ணை மட்டும் பையோட அடியில எமர்ஜென்சி ஃபண்ட் மாதிரி வெச்சுக்கோங்க. உருகாது, நசுங்காது, யாருக்காவது கண்ணு இருட்டினா உடனே கொடுக்கலாம், கூடவே தண்ணியும். மீதியை உங்க குரூப்புல 200 கி.மீ. போறவங்க யாருக்காவது பாதி விலைக்குத் தள்ளிவிடப் பாருங்க. கண்டிப்பா வாங்குவாங்க.